கல்லு தூக்கச்சொல்ல

அந்த வட்டாரத்துப் பேச்சில் ஒரு சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அது தவறென்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுத வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தஞ்சாவூர் ஜில்லாக்காரன், இண்டர்மீடியட் தேறியவன். கரையான்சாவடியில் சாலையோரமாக ஒரு தர்ம வைத்தியசாலை இருந்தது. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. திங்கள், வியாழன் இரண்டு நாளும் ஓர் ஆங்கிலேய டாக்டரம்மா மதராஸிலிருந்து மோட்டாரில் வருவார். தமிழில் அவருக்கு 'வலிக்குதா', 'நாக்கை நீட்டு' என்ற இரண்டும் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் நான். நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லுவேன். டாக்டரம்மா சொல்வதைத் தமிழில் சொல்லுவேன். இடையில் சீட்டு எழுதுவேன்.

அந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. ஒரு கிழவர் வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, மருமகள், மாடு, ஏரித் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சுற்றி வருவார். நான் நாலு சொல்லில் முடித்துவிடுவேன். டாக்டரம்மா தலையசைப்பார். ஒருமுறை, இதற்கு முன்பிருந்தவர் சொல்லுவதில் பாதி விளங்காது, உம்முடையது கண்ணாடி போல இருக்கிறது என்றார். மதராஸில் ஓர் அலுவலகத்துக்கு என்னைச் சிபாரிசு செய்து கடிதம் தருவதாகவும் சொல்லியிருந்தார். அந்த ஜனங்கள் பேசும் தமிழ் கொச்சை என்றும், ஆனாலும் எனக்கு எல்லாம் புரியும் என்றும் நான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் அங்கே வந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த மனிதன் வந்தான். திருமழிசைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்பவன். முப்பது வயது இருக்கும். தலையில் ஓர் அகலக் கூடை. கீரைக்காரன் என்று நினைத்து, விற்கிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்றேன்.

"கீர இல்ல சாமி. கொயந்த."

கூடையை இறக்காமல் முதலில் அவன் குந்தினான். பிறகு முழங்காலில் வைத்து, அங்கிருந்து மெதுவாகத் தரையில் வைத்தான். வைக்கோலும் பழம்புடவையும் போட்ட படுக்கையில் ஒரு பெண் குழந்தை. ஏழு வயது என்றான். பார்த்தால் நாலு சொல்லலாம். கால்கள் இரண்டும் வளைந்திருந்தன. வலது கை முழங்கைக்கு மேலே வீங்கியிருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்தது. கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு வெளுத்த வேட்டியின் நிறம். அதை நான் கவனித்தேன். சொல்ல வேண்டியதாகத் தோன்றவில்லை. அவன் சொல்லவில்லை, அதனால் நான் மொழிபெயர்க்கவில்லை.

தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள் என்றும் தான் ஒருவனே வளர்ப்பதாகவும் சொன்னான். டாக்டரம்மா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்படி ஒடிந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நா சூளைல கல்லு தூக்கச்சொல்ல ஒடிஞ்சிப்பூட்ச்சி சாமி."

நான் சூளையில் கல் தூக்கச் சொல்ல, ஒடிந்துபோயிற்று. தூக்கும்படி இவன் சொன்னான், குழந்தை தூக்கியது, கை ஒடிந்தது. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. சூளைகளில் பிள்ளைகள் தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமப்பதை நான் சாலையிலிருந்தே பார்த்திருக்கிறேன். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டரம்மா குனிந்து குழந்தையின் முழங்கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு கால்களைக் காட்டி, இவை எப்போது ஒடிந்தன என்றார்.

"இந்தக் காலு போன வருசம் சாமி. நா தண்ணி சேந்தச்சொல்ல. அந்தக் காலு அதுக்கு மின்னாடியே."

கிணற்றில் நீர் இறைக்கச் சொல்லியிருக்கிறான் என்றேன். ஏழு வயதுக் குழந்தையை, இந்தக் கால்களோடு. இதை என் வாயிலிருந்து நானாகவே சேர்த்தேன். அவன் சொல்லவில்லை.

கட்டுப் போட்டு அனுப்பிய பிறகு டாக்டரம்மா கடிதம் எழுதினார். யாருக்கு, என்ன சட்டப்படி என்பதெல்லாம் எனக்கு இப்போது நினைவில்லை. சுமை தூக்க வைத்துக் குழந்தையின் கால்களை வளைத்துவிட்டான், கையை ஒடித்துவிட்டான், தகப்பன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்பது சாரம். சுத்தப் பிரதி எடுத்தவன் நான். என் கையெழுத்து நன்றாயிருக்கும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவன் கட்டைக் காட்டக் கூடையோடு வந்தபோது உத்தரவும் வந்திருந்தது. குழந்தையை மதராஸில் ஒரு விடுதிக்கு எடுத்துக்கொண்டு போவதாக அவனிடம் சொல்லும்படி ஆயிற்று. சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வைத்தியத்துக்கு என்று நினைத்துக்கொண்டான்போல. எத்தனை நாள் என்றான். தெரியாது என்றேன். குழந்தை கூடையிலிருந்து, "நைனா, நீயும் வர்றியா?" என்றது.

"நா அப்பால வர்றேன்டி. மோட்டார்ல போற நீ. ராணியாட்டம்."

"நீ வந்தாத்தான் ராணி."

கூட வந்திருந்த ஆயா குனிந்து குழந்தையின் கக்கத்தில் கை கொடுக்கப் போனாள். அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். சேவகன் ஒருவன் அவனை இழுத்து நிறுத்தினான். அப்போது அவன் என்னைப் பார்த்து வேகமாகப் பேசினான்.

"கக்கத்துல கைய குடுக்க வாணான்னு சொல்லு சாமி. கையப் புடிச்சும் தூக்கக் கூடாது. முதுகுக்கு அடியில ஒரு கை, தொடைக்கு அடியில ஒரு கை. தூக்கறேன்னு அதுக்கிட்ட சொல்லணும். மூச்ச உட்டுட்டு 'உம்'னு சொல்லும். அது 'உம்' சொல்லச்சொல்லத்தான் தூக்கணும். மின்னாடி தூக்கனா வெடுக்குனு உதறும், எலும்பு பூடும். சொல்லு சாமி, அந்தம்மாவுக்கு சொல்லு."

சொல்லச்சொல்ல. எனக்கு அது திக்கிப் பேசுவதுபோல் இருந்தது. என்ன சொல்கிறான் என்று டாக்டரம்மா கேட்டார். மன்னிப்புக் கேட்கிறான் என்றேன். கூட்டம் கூடியிருந்தது, சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றிருந்தது.

கடைசியில் அவனே அவளைத் தூக்கி மோட்டாரில் வைத்தான். 'உம்' என்ற சத்தத்தை நானும் கேட்டேன். வண்டி போன பிறகு காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருமழிசைப் பக்கம் நடந்தான்.

பிறகு பத்து நாள் எனக்குச் சாதாரணமாகவே போயிற்று. ஒரு நல்ல காரியத்தில் எனக்கும் பங்கு இருந்ததாக ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்காரியோடு தகராறு. அதற்கு முந்திய நாள் அவள் பால் ஊற்றவில்லை. கேட்டதற்கு, "நேத்து நா பால் கொண்டாரச்சொல்ல ஊடு பூட்டிகினு இருந்துச்சே நைனா" என்றாள்.

"உன்னை யார் கொண்டுவரச் சொன்னது? நீ யாரைக் கொண்டுவரச் சொன்னாய்?"

"இன்னாது?"

"நீதானே சொல்கிறாய், நான் கொண்டுவரச் சொல்ல என்று. யாரிடம் சொன்னாய்?"

அவள் பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அய்ய, நா யாராண்ட சொல்லுவேன்? எனக்கு இன்னா ஆளா அம்பா கீது? நாந்தான் கொண்டாந்தேன். கொண்டாரச்சொல்ல பூட்டிகினு இருந்துச்சி."

"கொண்டுவரும்போதா?"

"அத்தத்தான நா சொல்றேன்! வரச்சொல்ல, போவச்சொல்ல, துன்னச்சொல்ல. இன்னா படிப்பு படிச்ச நைனா நீ? தொரசானியாண்ட இங்கிலீசு பேசறியாம், ஊரே சொல்லுது. தமிய் வரலியே ஒனக்கு." சிரித்துக்கொண்டே ஊற்றிவிட்டுப் போனாள்.

நான் பால் பாத்திரத்தோடு நின்றேன். கல் தூக்கும்போது. தண்ணீர் சேந்தும்போது. 'உம்' சொல்லும்போது. மூன்றும் வரிசையாக வந்தன. நெஞ்சு படபடத்தது என்றெல்லாம் எழுதலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. பாலைக் காய்ச்சினேன். குடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அவன் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தான். குழந்தை போன நாளிலிருந்து டாக்டரம்மா வரும் ஒவ்வொரு நாளும் அப்படி வந்து நின்றான், சூளையில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு. உள்ளே வருவதில்லை. வண்டியை எட்டிப் பார்ப்பான், போய்விடுவான். அன்றைக்கு நானே அவனிடம் போனேன்.

"அன்றைக்குச் சூளையில் கல் தூக்கியது யார்?"

"நாந்தான் சாமி. வேற யாரு?"

"குழந்தை தூக்கவில்லையா?"

சிரித்தான். "அது இன்னாத்த தூக்கும்? சொம்பே தூக்காது. கொட்டாயாண்ட நெயல்ல படுக்க வெச்சிட்டுப் போய், நா கல்லு தூக்கச்சொல்ல நாயி ஒண்ணு ஓடியாந்துச்சி. கொயந்த டபால்னு திரும்பிச்சி. அவ்ளோதான், பட்டுனு ஒரு சத்தம். நா அங்கேருந்தே கேட்டேன்." பிறகு, "கொயந்த எப்டி கீது சாமி? தூக்கறவங்களாண்ட 'உம்' சொல்லுதா?" என்றான்.

நன்றாக இருக்கிறாள் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்று டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிபாரிசுக் கடிதம் போகும். கண்ணாடி போல என்று சொன்ன வாய் வேறு மாதிரி சொல்லும். எல்லாவற்றையும்விட, தமிழ் தெரியாமல் தமிழ் மொழிபெயர்த்தவன் என்று ஆகிவிடும். பெரிய பயங்கள் இல்லை. அவ்வளவு சின்னவை என்பதை இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறை ஒப்புக்கொள்ளாமலே, குழந்தையை எப்படித் தூக்க வேண்டும் என்பதை மட்டும் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். தகப்பன் சொல்லச் சொன்னான் என்று ஒரு வரி. அதனால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நினைப்பில் அந்தக் குழந்தை மனத்தில் எங்குமே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மா வந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். விடுதியில் குழந்தைக்குத் தொடை எலும்பு ஒடிந்துவிட்டதாம். படுக்கையை மாற்றும்போது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்திருக்கிறார்கள். பழைய முறிவுகள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன என்றும், எலும்பே பிறவியில் அப்படி என்றும், மிக அபூர்வமான வியாதி, கண்ணின் நீலமும் அதனுடைய அடையாளம்தான் என்றும் அங்கே ஒரு பெரிய டாக்டர் சொன்னாராம். தொட்டால் ஒடியும். யாரும் அடிக்க வேண்டியதில்லை, யாரும் சுமக்க வைக்க வேண்டியதில்லை.

பிறகு என்னைக் கேட்டார். அவருடைய குரலில் கோபம் இல்லை. "அப்படியானால், தகப்பன் ஏன் கல் தூக்கச் சொன்னதாகச் சொன்னான்? நீர் சரியாகக் கேட்டீரா?"

கதவு திறந்துதான் இருந்தது. ஐம்பது அடி தூரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டு மறுபடியும் கேட்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். என்மேல் குற்றமில்லாத மாதிரியே அது முடிந்திருக்கும்.

"அவன் அப்படித்தான் சொன்னான்" என்றேன்.

அது பொய்யில்லை. சொல்லுக்குச் சொல் அவன் சொன்னது அதுதான். இந்தச் சமாதானத்தை நான் வெகு வருஷம் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். அப்படியானால் இன்னும் மோசம், இப்படிப்பட்ட எலும்புள்ள குழந்தையையா சுமக்க வைத்தான் என்றார். திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்ததாகவும் இனி அதற்கு இடமில்லை என்றும் சொன்னார். அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

குழந்தை இறந்த செய்தி பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்தது. ஜுரம் கண்டிருந்தது, துடைத்துவிட யாரோ தூக்கியிருக்கிறார்கள், விலா எலும்புகள் உள்ளே குத்திவிட்டன. முந்திய நாளே அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லும்படி டாக்டரம்மா சொன்னார். அவர் என் பக்கத்திலேயே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் சொன்னேன். அந்த ஊர்த் தமிழில் இல்லாமல், புத்தகத் தமிழில் சொன்னேன். உங்கள் மகள் காலமாகிவிட்டாள், எங்களால் ஆனதைச் செய்தோம்.

அவன் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு தூக்கனாங்கோ?" என்றான்.

என்ன கேட்கிறான் என்றார் டாக்டரம்மா. எங்கே புதைத்தார்கள் என்று கேட்கிறான் என்றேன். அவர் இடத்தின் பெயரைச் சொன்னார். நான் அதைத் தமிழில் அவனிடம் சொன்னேன். அவன் கேட்காத கேள்விக்கு வந்த பதிலைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு தலையாட்டினான்.

அதன் பிறகு அவன் வைத்தியசாலைக்கு வரவில்லை. நான் வழக்கம்போல வேலை செய்தேன். பேச்சு எல்லாம் இப்போது நன்றாகவே விளங்கியது. டாக்டரம்மா சொன்னபடி கடிதம் தந்தார். மதராஸில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை சூளைக்கு நடந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதை நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அவன் இன்னும் சுடாத பச்சைக்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை அச்சில் மண் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "அன்றைக்கு நீ 'கல்லு தூக்கச்சொல்ல' என்று சொன்னாய் அல்லவா? அதை நான் டாக்டரம்மாவிடம் தவறாகச் சொல்லிவிட்டேன்."

"இன்னான்னு சொன்ன சாமி?"

"கல் தூக்கச் சொல்ல, ஒடிந்துபோயிற்று என்று."

அவன் யோசித்தான். "அத்தான சாமி நா சொன்னது?"

"ஆமாம். ஆனால் எங்கள் ஊரில் தூக்கச் சொல்ல என்றால் வேறு."

அச்சு அடிக்கிற பெண்பிள்ளை நிமிர்ந்தாள். "ஒங்க ஊருல தூக்கச்சொல்ல இன்னா சாமி, எறக்குவாங்களா?" அவளே சிரித்தாள். அவன் அவளைப் பார்த்து, "சும்மா கெடடி" என்றான். பிறகு என்னிடம், எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி, "நீ சரியாத்தான் சொல்லிக்கீற சாமி. தப்பு ஒண்ணும் இல்ல. அது எலும்பு அப்டி" என்றான்.

வேறு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நீ அவளைச் சுமக்க வைத்தாய் என்று நான் சொன்னேன், அதனால்தான் அவளை உன்னிடமிருந்து எடுத்தார்கள், அதனால்தான் திருப்பித் தரவில்லை. இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். நான் சொல்லவில்லை. அவன் தப்பில்லை என்று சொன்னதை வாங்கிக்கொண்டேன்.

போவதாகச் சொன்னேன். மதராஸுக்கு மாறிப் போகிறேன் என்று அதையும் எதற்கோ சொன்னேன். அவன் முகம் மாறியது. நாலடி கூடவே நடந்து வந்தான்.

"அந்த எடம் ஒனக்குத் தெரியும் இல்ல சாமி? பொதச்ச எடம். நீ போவச்சொல்ல என்னியும் இட்டுகினு போறியா? எனக்குக் கேட்டுப் போவத் தெரியாது. அங்க எல்லாம் இங்கிலீசா இருக்கும்."

போகும்போது. எனக்கு உடனே புரிந்தது.

"சரி" என்றேன். "திங்கட்கிழமை காலையில் கரையான்சாவடிக்கு வந்துவிடு."

ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.